சாம்பல் ஒயர்

அமலதாஸ் மூன்றாவது கன்வேயரில் சென்சார் ஆகி ஒரு வாரம் ஆகியிருந்தது.

எல்லோரும் எதிர்பார்த்ததுதான். பழைய சென்சார் பிஸ்கட் தூள் அடைத்துக் கெட்டுப்போனபோது, புதிது வரும்வரை பெல்ட்டின் ஓரமாக நின்று பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொள் என்று அவனிடம் சொன்னார்கள். அவனும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். பாக்கெட் எதிரே வந்தால் கண்ணைத் திறப்பான். கடந்து போனதும் மூடிக்கொள்வான். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. இவ்வளவு நன்றாக வேலை செய்கிறவன் இருக்கும்போது புதிது எதற்கு என்று கம்பெனி முடிவு செய்தது. அவனுடைய இடது முழங்கையிலிருந்து கறுப்பாக ஒரு கேபிள் வந்தது. இடது முழங்கையிலிருந்து கறுப்பாக ஒரு கேபிள் வந்தது.

பத்து வருடமாக ஒப்பந்தத்தில் கிடந்தவன் ஒருவழியாக நிரந்தரமாகிவிட்டான் என்று உறவுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். கம்பெனி மைசூர்பாகு கொடுத்தது. அவன் மனைவி பிலோமினாவின் கையில் இரண்டு துண்டு வைத்தார்கள், அவனுக்கும் சேர்த்து. இரண்டையும் அவளே தின்றாள். ருசி தெரியவில்லை. நெய் நிறையப் போட்டிருந்தார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

பிலோமினாவும் அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தாள். பராமரிப்புப் பிரிவு. அறுந்த ஒயரை மாட்டுவது, எரிந்த விளக்கை மாற்றுவது, நின்றுபோன பெல்ட்டை ஓட வைப்பது எல்லாம் அவள் தலையில்தான் விழும். ஆகவே அன்று மதியம் லைன் பொறுப்பாளர் நாச்சிமுத்து அவளைக் கூப்பிட்டு அனுப்பியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அமலதாஸின் கேபிள் முனை வெறுமனே தொங்குகிறது என்றார் நாச்சிமுத்து. அவன் கண்ணைத் திறந்து மூடியது எதுவும் எங்கும் போய்ச் சேரவில்லை, இப்போது அதுவும் நின்றுவிட்டது. முனையில் ஒரு கனெக்டரைப் பொருத்திச் சுவரில் இருக்கிற பெட்டியில் சொருக வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டார். கெட்டவர் இல்லை.

"காலையில லைன் ஓடோணும் பிலோமினா. கனெக்டர் இல்லாத சாமான பழைய இரும்புல போட்டுருவாங்க. அது என்ற கையில இல்லீங்க."

சரிங்க சார் என்றாள். அழுகை வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. சற்று நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. ஸ்டோருக்குப் போனாள்.

ஸ்டோருக்குப் போகும் நடை அன்று வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. வெறுங்கையோடு போகிறவர்களுக்கு அது நீளும். பாதியில் யாரோ கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். குனிந்து போனாள். கொஞ்ச தூரம் தள்ளி நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஸ்டோர் எங்கே என்று அவளிடம் கேட்டார். தானும் அங்கேதான் போகிறேன் என்றாள். நான் திரும்பி வந்துகொண்டிருக்கிறேன் என்றார் அவர்.

ஸ்டோர் கீப்பர் சென்னியப்பன் இழுப்பறைகளுக்குள் குடியிருந்து ரொம்ப நாளாகிறது. எந்த இழுப்பறை என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. குரல் மட்டும் வரும். ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொன்னால் ஓர் இழுப்பறை மூடிக்கொள்ளும். எல்லாம் மூடி ஒன்று மட்டும் மிஞ்சினால் அதில் உங்கள் சாமான் இருக்கும். தப்பாகச் சொன்னால் பின்னால் இருக்கும் நடை இன்னும் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

கேபிளோடு வார்த்து வருகிற ரெடிமேட் கனெக்டர் போதாதா என்று முதலில் கேட்டார். கேபிள் ஏற்கெனவே ஆளோடு வந்துவிட்டது, முனையில் நாமே கையால் பொருத்துகிற வகைதான் வேண்டும் என்றாள். ஒரு வரிசை மூடியது. சென்சாருக்கா, நெட்வொர்க்குக்கா என்றார். சென்சாருக்கு. இன்னொரு வரிசை மூடியது. பெட்டியில் ஓட்டை இருக்கிறதா, ஊசி இருக்கிறதா என்றார். ஓட்டை, ஆகவே இங்கே ஊசி வேண்டும். நேராகவா, வளைந்தா? பெட்டிக்கு முன்னால் தள்ளுவண்டி போகும், நேராக நீட்டிக்கொண்டிருந்தால் இடித்துக்கொண்டே இருப்பார்கள், வளைந்ததாகக் கொடுங்கள் என்றாள். ஒயரை அழுத்திப் பிடிக்கிறதா, ஸ்குரூ வைத்து முடுக்குவதா? ஸ்குரூ. அதுதான் தப்பாகப் போனால் பிரித்து மறுபடி போட முடியும்.

கேபிளின் தடிமன் எவ்வளவு என்று கேட்டபோதுதான் அவளுக்குத் திக்கென்றது. அளந்து பார்க்கவில்லை. ஆனால் அது முளைத்த அன்று, அவன் வீட்டுக்கு வந்த கடைசி நாள், அன்று மட்டும் ஒரே பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்திருந்தாள். வளையல் கடையில் காட்டுவதுபோலக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினாள். ஓர் இழுப்பறையிலிருந்து வெர்னியர் ஒன்று நீண்டு வந்து அந்த இடைவெளியை அளந்தது. ஆறு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பரவாயில்லை என்று இழுப்பறை மூடிக்கொண்டது.

இரண்டு இழுப்பறைகள் மிஞ்சின.

"நாலு ஊசி போதாதுங்களா?"

"கேபிள்ல அஞ்சு ஒயர் இருக்குதுங்க."

"படத்துல சாம்பல் ஒயருக்கு வேலையில்லைன்னு போட்டிருக்குது."

"இருக்குதுங்க. அதனால கேக்கறேன்."

வேறு காரணம் அவளிடம் இல்லை. ஒயரை அந்தரத்தில் விடுவது அவளுக்குப் பிடிக்காது. இழுப்பறைக்குள் பெருமூச்சு ஒன்று கேட்டது. ஐந்து ஊசி இருக்கிற இழுப்பறை திறந்துகொண்டது.

கையில் சாமான் இருந்ததால் திரும்பும்போது நடை குட்டையாக இருந்தது.

வேலை மேசையைத் தள்ளிக்கொண்டு வந்து அமலதாஸுக்கு நேர் எதிரே நிறுத்தினாள். அவன் கண்கள் மூடியிருந்தன. மீசையில் பிஸ்கட் தூள் படிந்திருந்தது. துடைத்துவிட்டாள். கனெக்டரைப் பிரித்து, அதன் நட்டு, ரப்பர் வளையம், உறை, ஊசிகள் இருக்கிற தலை எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். கேபிளின் மேல்தோலை உரித்தாள். பிரவுன், வெள்ளை, நீலம், கறுப்பு, சாம்பல் என்று ஐந்து ஒயர்கள் வந்தன. அவன் உள்ளே இத்தனை நிறம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அந்தத் தொழிற்சாலையில் கனெக்டரை மூடுவதற்கு முன்னால் சோதனைப் பெட்டியில் சொருகி வைத்துக்கொண்டே ஒயர்களை முடுக்குவார்கள். கூடாது என்று எழுதித்தான் போட்டிருக்கிறது. அந்த எழுத்துக்குக் கீழே நின்றுதான் செய்வார்கள்.

பிரவுனை ஒன்றாம் எண் ஊசியில் முடுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. நீலத்தை மூன்றில் முடுக்கினாள். அமலதாஸ் மூச்சு விட்டான். எதிரில் அவள் இருந்ததால் கண்கள் திறந்தன. கறுப்பை நான்கில் முடுக்கினாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. எதிரில் ஏதோ இருக்கிறது என்பது அதற்கு அர்த்தம். வெள்ளையை இரண்டில் முடுக்கினாள். அவள் சற்று விலகியதும் பச்சை அணைந்து மஞ்சள் எரிந்தது. எதிரில் ஒன்றுமில்லை என்பது அதற்கு அர்த்தம். இரண்டும் சரியாக இருந்தன. மறுபடி எதிரே வந்து, மீதியிருந்த சாம்பலை ஐந்தில் முடுக்கினாள்.

"மினா," என்றான் அமலதாஸ். "கால் மரத்துப் போச்சு."

அவள் ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்தாள்.

"வலிக்குதுங்களா?"

"இல்ல. அதத்தான் சொல்றேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் காலை ஷிஃப்ட், அவள் மாலை ஷிஃப்ட் என்று வருடக்கணக்காக ஓடியதில், இப்படி நேருக்கு நேர் முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. தொழிற்சாலை கேட்டில் ஒருவர் உள்ளே வரும்போது இன்னொருவர் வெளியே போவார். டிபன் பாக்ஸ் கை மாறும். அதைத்தான் குடும்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகலாமா என்று அவன் கேட்டான். காலையில் லைன் ஓட வேண்டுமாம் என்று அவள் சொன்னாள். அவன் யோசித்துப் பார்த்தான். அதுவும் சரிதான் என்றான். சம்பளம் கூட்டிக் கொடுத்தார்களா என்றான். சென்சாருக்குச் சம்பளம் கிடையாதாம் என்றாள். அதற்கும் தலையாட்டினான்.

பிறகு அவன் பார்வை மேசைமேல் போனது. அவனும் ஒயர் வேலை செய்தவன்தான்.

"நட்டு ஏத்தலியே," என்றான்.

அவளும் பார்த்தாள். நட்டு, ரப்பர் வளையம், உறை மூன்றும் வைத்த இடத்திலேயே வரிசை கலையாமல் இருந்தன. ஒயர்களை முடுக்குவதற்கு முன்னால் அவற்றைக் கேபிளுக்குள் கோத்து ஏற்றியிருக்க வேண்டும். முடுக்கியபின் ஏற்ற வழியே இல்லை. எல்லாவற்றையும் கழற்றி, முனையை வெட்டி, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். இந்த வேலை செய்கிற ஒவ்வொருவரும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள். செய்ய மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேதான் செய்வார்கள்.

நட்டை மறந்தவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே பழக்கம். அதற்கு நட்டு டீ என்று பெயர். பிலோமினா யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் வந்துவிட்டார்கள். பாக்கிங் பெண்கள் தலைமுடி வலையோடு வந்தார்கள். நாச்சிமுத்து வந்தார். சென்னியப்பன்கூட ஓர் இழுப்பறையோடு வந்து சேர்ந்தார். டீ என்றால் அந்த நடைக்கு நீளமே கிடையாது. நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எப்படியோ எல்லோருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவள் டீ ஊற்றிக் கொடுத்தாள். அமலதாஸுக்கும் ஒரு கப் கொடுத்தாள். சர்க்கரை தூக்கல் என்றான். இந்தத் தொழிற்சாலையிலேயே அதிகமாக நட்டு டீ வாங்கித் தந்தவர் யார் என்று பேச்சு வந்தது. அமலதாஸ்தான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்பது எங்கேயோ அடுத்த வீட்டில் நடப்பதுபோலத் தூரத்திலிருந்து தெரிந்தது.

டீ முடிந்ததும் கரண்டை அணைத்துவிட்டுக் கழற்ற வேண்டும். எல்லோரும் குடித்துவிட்டார்கள். அவள் கப்பில் மட்டும் டீ குறையவே இல்லை. ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். அப்படியே இருந்தது.

"சாம்பல மட்டும் பாத்து வெட்டு மினா," என்றான் அமலதாஸ். "அது உள்ள இத்துப் போயிருக்குது."

"பாத்துக்கறேங்க."

"அப்படியே விட்டா என்னாகும்?"

"சாயங்காலம் பெல்ட்ட தண்ணி ஊத்திக் கழுவுவாங்க. நட்டு இல்லாட்டி உள்ள போயிரும்."

"அதுவரைக்கும்?"

அவள் இன்னொரு வாய் குடித்தாள். நாச்சிமுத்து எட்டி அவள் கப்பைப் பார்த்தார். நேரமாகிறது என்று தயங்கியபடி சொன்னார். பிறகு அவள் கையிலிருந்து அதை மெல்ல வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தார். எல்லோரும் கலைந்து போனார்கள்.

அவள் சோதனைப் பெட்டியை அணைத்தாள். அமலதாஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருந்தான். வாய் அப்படியே நின்றது. கண்கள் மூடிக்கொண்டன. அவன் தாடையைப் பிடித்து வாயை மூடிவிட்டாள்.

இந்த முறை முதலில் நட்டை ஏற்றினாள். பிறகு ரப்பர் வளையம், பிறகு உறை. ஏற்றியதை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள். முனைகளை வெட்டிப் புதிதாக உரித்தாள். பிரவுன், வெள்ளை, நீலம், கறுப்பு நான்கும் பளபளவென்று வந்தன. சாம்பலை உரித்தபோது செம்பு உள்ளேயே பொடிந்து தோலோடு வந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உரித்தாள். அதுவும் பொடிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறை உரித்தாள். இப்போது சாம்பல் ஒயர் மேல்தோலின் விளிம்போடு நின்றுவிட்டது.

நல்ல செம்பு கிடைக்க வேண்டுமென்றால் கேபிளையே ஒரு சாண் வெட்டி உள்ளே போக வேண்டும். அவள் பிடித்துப் பார்த்தாள். ஒரு சாண் போனால் கேபிள் சுவரில் இருக்கிற பெட்டியை எட்டாது. நான்கு விரற்கடை குறையும். ஸ்டோரில் நீட்டிப்புக் கேபிள் இருக்கிறது. ஆனால் அதில் நான்கு ஒயர்தான். ஸ்டாண்டை நகர்த்தினால் பாக்கெட் அவன் கண்ணில் படாது. பெட்டியை நகர்த்தலாமா என்று நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அந்தப் பெட்டிக்காகத்தான் சுவரையே கட்டினோம் என்றார்.

"சாம்பல் எதுக்குங்க?"

"அவர் பேசறது அதுலதாங்க சார்."

"சென்சார் எதுக்குங்க பேசோணும்?"

கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வேண்டுமானால் ஒரு சாண் வெட்டி ஐந்தையும் போட்டுக்கொள்ளலாம், பெட்டிக்கு எட்டாது, பழைய இரும்பில் போடுவார்கள், அங்கே கிடந்து பேசலாம் என்று அவரே வழி சொன்னார். சொல்லிவிட்டு, அங்கே கரண்ட் யார் கொடுப்பது என்றும் அவரே கேட்டுக்கொண்டார்.

பிலோமினா நான்கு ஒயர்களையும் முடுக்கினாள். ஐந்தாம் ஊசி காலியாக இருந்தது. சாம்பல் நுனியில் டேப்பைச் சுற்றினாள். வேலையில்லாத ஒயரை அப்படித்தான் விட வேண்டும். உறையை மேலே இழுத்து, நட்டைப் பிடித்துத் திருகினாள். நன்றாக இறுகியது. பெட்டியில் சொருகினாள். அமலதாஸ் மூச்சு விட்டான். கண் திறந்தான். பச்சை விளக்கு எரிந்தது. அவள் அவன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். வேலை சுத்தமாக இருக்கிறது என்று நாச்சிமுத்து பாராட்டினார். இருந்தது. தன் கையால் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று அவளுக்குத் தெரிந்ததில் அவள்மேலேயே வெறுப்பாக இருந்தது.

காலையில் லைன் ஓடியது. பிலோமினாவையும் அன்று காலை ஷிஃப்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பாக்கெட் வந்தது, அமலதாஸ் கண் திறந்தான். பாக்கெட் போனது, மூடிக்கொண்டான். எண் பலகையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பிலோமினா வேறொரு மெஷினைப் பார்க்க, பெல்ட்டுக்கும் அவனுக்கும் இடையில் இருக்கிற சந்து வழியாகப் போனாள். அவன் கண் திறந்தான். அவள் கடந்ததும் மூடிக்கொண்டான். பலகையில் ஒன்று ஏறியது.

கொஞ்ச நேரத்தில் நாச்சிமுத்து வந்தார். எண்ணிக்கையில் இருக்கிற ஒரு பாக்கெட் அட்டைப்பெட்டிக்குள் வரவில்லை, எங்கே போனது என்றார். அது நான்தான் என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். எடை ஒத்து வராது என்றார். இனிமேல் நடை வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார்.

சுற்றித்தான் போனாள். நடை நீண்டது, திரும்பியது, ஒரு படி இறங்கியது. துணிக்கொடிக்குக் கீழே குனிந்து நிமிர்ந்தபோது அவள் அதே சந்தில் அமலதாஸுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவன் கண்கள் திறந்தன.

தாண்டிப் போயிருக்கலாம். அவள் நின்றாள்.

எதிரில் இருப்பது நகராதவரை சென்சார் கண்ணை மூடாது. அமலதாஸின் கண்கள் திறந்தே இருந்தன. பாக்கெட்டைப் பார்க்கிற கண்கள்தான். அவளை முன்னால் எங்கும் பார்த்த கண்களாக இல்லை. மீசையில் மறுபடி தூள் படிந்திருந்தது. துடைத்துவிட்டாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

எதிரில் ஒன்று நகராமலே நின்றால் பெல்ட் தானாக நின்றுவிடும். நின்றது. அடுப்பு நின்றது. பாக்கிங் நின்றது. தொழிற்சாலை முழுக்கச் சத்தம் அடங்கிப்போனது. எங்கேயோ பாக்கெட் சிக்கியிருக்கிறது என்று பெண்கள் குனிந்து பெல்ட்டுக்கு அடியில் தேடினார்கள். நாச்சிமுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம் ஒருமுறை பிலோமினாவின் மேல் பட்டு நகர்ந்து போனது. அடைப்பை எடுப்பது பராமரிப்பு ஆளின் வேலை, கூப்பிடுங்கள் என்று யாரிடமோ சொன்னார்.

அவள் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது கன்வேயரில் அடைப்பு, உடனே வரவும் என்று இருந்தது.

வந்துகொண்டிருக்கிறேன் என்று பதில் போட்டாள். போனைப் பையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.